கண்ணில் குறையில்லை, ஆனாலும் அவள் நடிக்கவில்லை

பத்து வயதுச் சிறுமிக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. கண்ணாடி மாற்றியும் பயனில்லை. விழித்திரையும் பார்வை நரம்பும் நன்றாக இருக்கின்றன, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அறிக்கையைப் பார்த்ததும் வீட்டில் பலர் வந்துசேரும் முடிவு, "பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள்" என்பதுதான். இந்த முடிவு பெரும்பாலும் தவறு, குழந்தைக்குக் கெடுதலும்கூட. உறுப்பில் பழுதில்லாமலே பார்வை குறைவதை மருத்துவத்தில் செயல்சார் பார்வை இழப்பு எனலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளிடம், அதிலும் பெண் குழந்தைகளிடம், இது கூடுதலாகக் காணப்படுகிறது. கண் அனுப்புவதை மூளை வாங்கிப் பொருள்கொண்டால்தான் பார்வை. அந்த வேலை தடுமாறும்போது குழந்தைக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. பயத்தில் நா எழாமல் போவதையும் தேர்வு நாளில் வயிறு கலங்குவதையும் நடிப்பென்று யாரும் சொல்வதில்லையே.

இந்தச் சந்தேகம் பழையது. 19ஆம் நூற்றாண்டு மருத்துவம் இத்தகைய தொல்லைகளை ஹிஸ்டீரியா என்றது. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்த பெயர் அது. பெண்களின் பாசாங்கு என்ற இளக்காரமும் அதோடு ஒட்டிக்கொண்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 1980இல் அந்தப் பெயரைக் கைவிட்டது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. நோயாளி பாசாங்கு செய்யவில்லை என்று மருத்துவர் நிரூபிக்க வேண்டும், மன உளைச்சலைக் காரணமாகக் காட்ட வேண்டும் என்ற இரு நிபந்தனைகளும் நீங்கின. பரிசோதனையில் நேரடியாகக் கிடைக்கும் அடையாளங்களுக்கு முதலிடம் தரப்பட்டது.

'மனசுதான் காரணம் என்று விட்டுவிட்டால் உண்மையான நோய் தப்பிவிடாதா?' என்று கேட்கலாம். நியாயமான அச்சம். ஸ்டார்கார்ட் என்னும் பரம்பரை நோயின் தொடக்கத்தில் விழித்திரை இயல்பாகவே தோன்றலாம். மூளைக் கட்டியும் முதலில் பார்வைக் குறைவாக வெளிப்படலாம். அதனால்தான் 'வேறெதுவும் இல்லை' என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது; நேரடி அடையாளங்களையும் தேட வேண்டும். பார்வைப் பரப்பை ஒரு மீட்டர் தொலைவில் அளந்துவிட்டு இரண்டு மீட்டருக்குத் தள்ளி அளந்தால், தெரியும் வட்டம் இரு மடங்கு அகலமாக வேண்டும். டார்ச் வெளிச்சம் தூரம் போகப் போக விரிவதைப்போல. செயல்சார் பார்வை இழப்புள்ள பிள்ளைகள் பலரிடம் அது விரியாமல் குழாய்போல அப்படியே நிற்கும். எதுவுமே தெரியவில்லை என்னும் குழந்தையின் முன்னால் பெரிய நிலைக்கண்ணாடியை அசைத்தால், விழிகள் அதனோடு நகரும். பார்வைப் பாதை கெடவில்லை என்பதற்கு இவை சான்று; குழந்தை ஏமாற்றுகிறாள் என்பதற்கல்ல. அடையாளங்கள் கிடைத்த பின்னும் சில மாதங்கள் தொடர்ந்து பரிசோதிப்பது அவசியம்.

'இடம் கொடுத்தால் இதுவே பழகிவிடும்' என்பது அடுத்த வாதம். வேண்டுமென்றே தெரியவில்லை என்னும் பிள்ளைகளும் சிலர் உண்டுதான். ஆனால் அவர்களையும் அவமானப்படுத்தினால் பொய்யைக் காப்பாற்றும் கட்டாயத்துக்கே தள்ளுவோம். கண் கெடவில்லை, பார்வை திரும்பிவிடும் என்று உறுதியாகச் சொல்வதும், பள்ளியையும் விளையாட்டையும் நிறுத்தாமல் இருப்பதுமே சிகிச்சையின் அடிப்படை. பெரும்பாலான பிள்ளைகள் இதிலேயே தேறிவிடுகிறார்கள். கூடவே, மதிப்பெண் பயமா, வகுப்பில் கேலியா, வீட்டில் ஓயாத சண்டையா என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். காரணம் எதுவும் அகப்படாத பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் குடைய வேண்டாம். தொல்லை நீடித்தால் மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கமில்லை. பாலியல் தொந்தரவு தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் அளிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098.

பெற்றோரே, ஆசிரியர்களே, 'தெரியவில்லை' என்று ஒரு குழந்தை சொன்னால் முதலில் நம்புங்கள். கண்ணைச் சோதித்துவிட்டு, பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேளுங்கள்.