சர்வரில் பூட்டு இருக்கிறது, நாம்தான் கழற்றி வைக்கிறோம்: எஸ்இலினக்ஸ் பற்றி ஏன் இப்போது பேச வேண்டும்?

இரவு 11 மணி. புது சர்வரில் அப்ளிகேஷனை ஏற்றியாச்சு. முன்னால் என்ஜின்எக்ஸ் ஓடுகிறது, பின்னால் உங்கள் ஆப்பும் ஓடுகிறது. ஆனால் பிரவுசரைத் திறந்தால் 502 எரர். ஃபைல் பெர்மிஷன் சரி, ஃபயர்வால் சரி, போர்ட்டும் சரி. டீம் குரூப்பில் கேட்டால் சீனியர் ஒருவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வரும்: "எஸ்இலினக்ஸை ஆஃப் பண்ணிடு ப்ரோ, ஓடிடும்."

ஆஃப் பண்ணினால் ஓடத்தான் செய்யும். ரிலீஸ் முடியும், எல்லோரும் தூங்கப் போவார்கள். அந்த ஒரு வரி மாற்றம் மட்டும் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இதுவரை இது ஐடி டீமுக்குள் பேசி முடிக்கிற விஷயமாக இருந்தது. இனி அப்படி இருக்காது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் தரவை வைத்திருக்கும் நிறுவனங்கள் 'நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளை' செய்திருக்க வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதாவது 2027 மே வரை.

இந்தச் சட்டத்திலோ விதிகளிலோ எஸ்இலினக்ஸ் என்ற பெயர் கிடையாது. ஆனால், கூடவே வந்த பாதுகாப்பை நாமே கழற்றிவிட்டு, பிறகு 'நியாயமான ஏற்பாடு செய்திருந்தோம்' என்று எப்படிச் சொல்வது? கேள்வி இதுதான்.

முதலில், டீமன் என்றால் என்ன?

சர்வரில் பின்னணியில் ஓடிக்கொண்டே, வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் புரோகிராம்தான் டீமன். வெப் சர்வர், மெயில் சர்வர், டிஎன்எஸ், ஃபைல் பகிரும் சம்பா எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு: யாரென்றே தெரியாத ஆள் அனுப்பும் தரவையும் வாங்கிப் படித்தாக வேண்டும். அதனால்தான் தாக்குபவர்கள் முதலில் தட்டும் கதவு இது.

லினக்ஸில் வழக்கமான அனுமதி முறை எளிமையானது. ஃபைலின் உரிமையாளர் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று முடிவு செய்வார். ரூட் யூசருக்குத் தடையே இல்லை. ஒரு டீமன் ஹேக் ஆகிவிட்டால், அந்த டீமனுக்கு இருந்த அத்தனை உரிமையும் ஹேக்கருக்கு வந்துவிடும். அது ரூட்டாக ஓடிக்கொண்டிருந்தால் மொத்த மெஷினும் போச்சு.

கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்ன செய்கிறது?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் ஆட்களுக்கு அடுப்படியும் ஸ்டோர் ரூமும் போதும். நகை இருக்கும் மணப்பெண் அறைக்கு அவர்கள் போக வேண்டியதில்லை. சாவி பெண் வீட்டாரிடம் இருந்தால், கூட்டத்தில் யாரோ கேட்டு அவர்கள் அசதியில் எடுத்துக் கொடுத்துவிடலாம். அதுதான் வழக்கமான முறை. கட்டாயக் கட்டுப்பாட்டில், எந்த அறைக்கு எந்த ஆள் போகலாம் என்று மண்டப நிர்வாகம் முன்பே எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்துவிடும். கையில் சாவியே இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்.

இங்கே வாட்ச்மேன் லினக்ஸ் கெர்னல். எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு புரோகிராமுக்கும், ஒவ்வொரு ஃபைலுக்கும், போர்ட்டுக்கும் ஒரு லேபிள் ஒட்டுகிறது. எந்த லேபிள் எந்த லேபிளைத் தொடலாம் என்பது பாலிசியில் எழுதப்பட்டிருக்கும். எழுதாத எல்லாவற்றுக்கும் தடை. வழக்கமான பெர்மிஷன் 'சரி' என்று சொன்ன பிறகுதான் இந்தச் சோதனை நடக்கும். இரண்டும் சம்மதித்தால்தான் வேலை நடக்கும். கட்டுக்குள் இருக்கும் டீமன் ரூட்டாகவே ஓடினாலும் இதிலிருந்து விலக்கு இல்லை.

இதை உருவாக்கியது அமெரிக்காவின் என்எஸ்ஏ. 2000 டிசம்பரில் மூலநிரலோடு வெளியிட்டது. 2003-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. இன்று ரெட் ஹேட், ஃபெடோரா குடும்பத்தில் இயல்பாகவே ஆன் ஆகி வருகிறது. உபுண்டுவும் டெபியனும் ஆப்ஆர்மர் என்ற வேறு கருவியைப் பயன்படுத்துகின்றன. அது லேபிளுக்குப் பதிலாக ஃபைலின் பாதையைப் பார்த்து முடிவெடுக்கும். நீண்ட காலம் ஆப்ஆர்மர் பக்கம் இருந்த ஓப்பன்சூஸேயும் 2025-ல் புதிய நிறுவல்களுக்கு எஸ்இலினக்ஸுக்கு மாறிவிட்டது.

நிஜத்தில் இது காப்பாற்றியிருக்கிறதா?

2017 மே 12 அன்று வான்னாக்ரை விண்டோஸ் கணினிகளை உலகம் முழுக்க முடக்கியது நினைவிருக்கலாம். 12 நாள் கழித்து, மே 24 அன்று, லினக்ஸில் ஃபைல் பகிரும் சம்பாவில் ஒரு ஓட்டை வெளியானது. 2010-ல் வந்த 3.5.0 பதிப்பிலிருந்து ஏழு வருடமாக இருந்த ஓட்டை அது.

தாக்கும் முறை இதுதான்: எழுத அனுமதி உள்ள பகிர்வு ஃபோல்டரில் ஒரு லைப்ரரி ஃபைலை ஏற்ற வேண்டும். பிறகு சம்பாவையே அதை எடுத்து இயக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான். இணையத்தில் நேரடியாகத் தெரியும்படி, ஓட்டையுள்ள பதிப்போடு 1,04,000-க்கும் மேற்பட்ட இணைப்புகள் இருப்பதுபோலத் தெரிகிறது என ரேபிட்7 நிறுவனம் அப்போது கணக்கிட்டது. சில வாரங்களிலேயே இந்த வழியாக நுழைந்து கிரிப்டோ மைனரை ஓடவிட்டவர்களும் பிடிபட்டார்கள்.

அதே ஓட்டை உள்ள சம்பா, எஸ்இலினக்ஸ் ஆனில் இருக்கும் ரெட் ஹேட் சர்வரில் என்ன ஆகும்? தன் மாட்யூல் ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் லைப்ரரியை சம்பா இயக்குவதற்கு இயல்பான பாலிசியில் அனுமதி இல்லை. எனவே தாக்குதல் அங்கேயே நிற்கும் என்று ரெட் ஹேட் அறிவித்தது. ஓட்டை அடைபடவில்லை, பேட்ச் இன்னும் போடவில்லை. ஆனாலும் திருடன் வாசலைத் தாண்ட முடியவில்லை. யாருக்கும் தெரியாத ஓட்டைக்கு முன்கூட்டியே ஒரு தடுப்பு என்பது இதுதான்.

உங்கள் பாக்கெட்டிலும் இது இருக்கிறது. ஆண்ட்ராய்டு 5.0 முதல் எஸ்இலினக்ஸ் முழுமையாக அமலில் உள்ளது. 2015-ல் ஸ்டேஜ்ஃபிரைட் ஓட்டை வெளியானபோது, ஒரு எம்எம்எஸ் மூலம் மீடியாசர்வர் என்ற டீமனைப் பிடிக்க முடியும் என்று தெரிந்தது. அந்த ஒரே டீமனிடம் கேமரா, ஆடியோ, நெட்வொர்க் எல்லாம் குவிந்திருந்தது. ஆண்ட்ராய்டு 7-ல் கூகுள் அதைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான உரிமையை மட்டும் கொடுத்தது. கோடிக்கணக்கான இந்தியர்கள் தினமும் இதன்மேல்தான் யுபிஐ பண்ணுகிறார்கள். யாரும் 'ஆஃப் பண்ணிடு' என்று சொல்வதில்லை.

அப்படியானால் ஆன் செய்தால் போதுமா?

போதாது. மூன்று இடங்களில் ஏமாறுவோம்.

ஒன்று, டீமனுக்கு நியாயமாகவே கொடுத்த உரிமைக்குள் நடக்கும் திருட்டை இது தடுக்காது. 2014-ல் வந்த ஹார்ட்பிளீட், சர்வரின் சொந்த மெமரியில் இருந்ததையே கசியவிட்டது. எந்தத் தடைக் கோட்டையும் அது தாண்டவில்லை. உங்கள் ஆப் டேட்டாபேஸைப் படிக்கலாம் என்றால், எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் செய்பவரும் படிக்கலாம்.

இரண்டு, பாலிசியின் தரம். 2019 பிப்ரவரியில் கன்டெய்னர்களை இயக்கும் ரன்சி-யில் ஒரு ஓட்டை வந்தது. கன்டெய்னருக்குள் இருந்து ஹோஸ்ட் மெஷினையே பிடிக்கலாம். ரெட் ஹேட் சர்வர்களில் என்ஃபோர்சிங் முறையில் இருந்த எஸ்இலினக்ஸ் அதை மறித்தது. ஆப்ஆர்மரின் இயல்பான பாலிசி மறிக்கவில்லை.

மூன்றாவதுதான் நம் ஊர் டீம்கள் அதிகம் கவனிக்காதது. சர்வரில் 'என்ஃபோர்சிங்' என்று காட்டும். ஆனால் நீங்கள் நோட், பைதான் அல்லது கோ மொழியில் எழுதிய சொந்த சர்வீஸுக்குத் தனிப் பாலிசி இருக்காது. சிஸ்டம்டி வழியாக அதைத் தொடங்கினால், பெரும்பாலும் 'கட்டுப்பாடற்ற சர்வீஸ்' என்ற லேபிளோடுதான் ஓடும். வாட்ச்மேன் நிற்கிறார், ஆனால் அவருடைய பட்டியலில் 'இவரை எங்கே வேண்டுமானாலும் விடு' என்று எழுதியிருக்கிறது. உபுண்டுவிலும் இதே கதைதான். ஆப்ஆர்மர் ஓடும், ஆனால் என்ஜின்எக்ஸுக்கு இயல்பாக எந்த ப்ரொஃபைலும் கிடையாது.

பிறகு ஏன் எல்லோரும் ஆஃப் செய்கிறார்கள்?

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. எரர் மெசேஜ் உண்மைக் காரணத்தைச் சொல்வதில்லை. ரிலீஸ் தேதி தள்ளிப் போகாது. பல சாஃப்ட்வேர்களின் இன்ஸ்டலேஷன் கையேட்டிலேயே 'முதலில் எஸ்இலினக்ஸை நிறுத்தவும்' என்று இருக்கும். கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித் தருவதும் இல்லை.

ஆனால் நடைமுறையில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இரண்டே வகை. ஹோம் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை வெப் ஃபோல்டருக்கு எம்வி கமாண்டால் நகர்த்தினால் பழைய லேபிள் கூடவே வரும், பிரவுசர் 403 காட்டும். ரெஸ்டோர்கான் என்ற ஒரு கமாண்டில் லேபிள் சரியாகிவிடும். ஆரம்பத்தில் பார்த்த 502? வெப் சர்வர் தானாக வெளியே இணைப்பு ஏற்படுத்த இயல்பான பாலிசியில் அனுமதி இல்லை. அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு, செட்எஸ்இபூல் மூலம் அதை மட்டும் ஆன் செய்தால் போதும். முழுப் பாதுகாப்பையும் நிறுத்தத் தேவையே இல்லை.

என்ன செய்யலாம்?

முதலில் கெட்என்ஃபோர்ஸ் அடித்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பதில் வரும். என்ஃபோர்சிங் என்றால் தடுக்கிறது. பெர்மிசிவ் என்றால் தடுக்காமல் லாக் மட்டும் எழுதுகிறது. டிசேபிள்டு என்றால் எதுவுமே இல்லை.

டிசேபிள்டு என்று வந்தால், நேரடியாக என்ஃபோர்சிங்குக்குத் தாவ வேண்டாம். லேபிள்களைப் புதுப்பித்து, பெர்மிசிவில் சில வாரம் ஓடவிட்டு, லாக்கைப் படித்துச் சரிசெய்த பிறகு மாறுங்கள். ஒரே ஒரு சர்வீஸ் மட்டும் தகராறு செய்தால் அதை மட்டும் பெர்மிசிவ் ஆக்கலாம், மற்றவை கட்டுக்குள்ளேயே இருக்கும். லாக்கில் வரும் தடையை எல்லாம் ஆடிட்2அலவ் கருவியில் போட்டு அப்படியே அனுமதியாக மாற்றுவதும் ஆபத்து. ஹேக்கரின் முயற்சிக்கும் சேர்த்து அனுமதி எழுதிவிடுவீர்கள்.

அடுத்து, பிஎஸ் கமாண்டில் பெரிய 'இசட்' சேர்த்து, உங்கள் சொந்த சர்வீஸ் எந்த லேபிளில் ஓடுகிறது என்று பாருங்கள்.

இந்த லாக் வேறு விதத்திலும் உதவும். சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. வெப் சர்வர் திடீரென்று பாஸ்வேர்டு ஃபைலைத் தொட முயன்றது என்று ஒரு மறுப்புப் பதிவு இருந்தால், அந்த 6 மணி நேரத்தில் உங்களிடம் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கும்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ரான்சம்வேரால் முடங்கியபோது, 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாகவும், நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்றும் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அது நெட்வொர்க் அளவிலான பிரச்சினை, எஸ்இலினக்ஸ் கதை அல்ல. ஆனால் பாடம் ஒன்றே: உள்ளே வந்தவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதுதான் சேதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அங்கே ஓபி சீட்டு கையால் எழுதப்பட்டது. வரிசையில் நின்றது நோயாளிகள்.

அடுத்த முறை குரூப்பில் 'ஆஃப் பண்ணிடு' என்று யாராவது சொன்னால், "எந்த லேபிள் பிரச்சினை பண்ணுதுன்னு லாக்ல பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும். 2027 மேக்குப் பிறகு அதே கேள்வியை உங்களிடம் கேட்கப்போவது டீம் குரூப்பாக மட்டும் இருக்காது.