கோவையில ஜெயிச்ச சென்னை

எங்க சித்தி பையன் அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டியில எம்.எஸ். முடிச்சவன். பொங்கலுக்கு வந்திருந்தான். நாகல் நகர் ரவுண்டானா பக்கம் டீ குடிக்கக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு வாய் உள்ள போறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டான். "அண்ணே, 1950ல கொலம்பஸ்ல ஒரு மேட்ச்ணே..."

அவன் சொன்னது நம்ம காலால ஆடுற ஃபுட்பால் இல்லை. கையில தூக்கிட்டு ஓடுறாங்களே, அது. அங்க காலேஜ்களுக்குள்ள வட்டார வாரியா லீக் உண்டு. கான்ஃபரன்ஸ்னு பேரு. மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், இல்லினாய் எல்லாம் பிக் டென் கான்ஃபரன்ஸ். 1950 நவம்பர் 25, சீசனோட கடைசி ஆட்டம், பனிப்புயல். தரையில போட்ட கோடு தெரியலை. பந்து கையில நிக்கலை. வச்சுக்கிட்டு வழுக்கி விழறதுக்கு எதிராளி பக்கமே உதைச்சுத் தள்ளிடலாம்னு ரெண்டு டீமும் சேர்ந்து 45 தடவை உதைச்சுத் தள்ளியிருக்காங்க. நாலு முயற்சிக்குள்ள பத்து கெஜம் முன்னேறணும்ங்கறது அந்த ஆட்டத்தோட அரிச்சுவடி. மிச்சிகன் அதை ஒரு தடவைகூட செய்யலை. ஆனா 9-3னு ஜெயிச்சது! எதிராளி உதைச்ச பந்தை மறிச்சு மறிச்சே ஒன்பது பாயிண்ட். அதே நாள்ல இல்லினாய் வேற ஊர்ல தோத்துப்போக, பிக் டென் பட்டமும் மிச்சிகனுக்கு.

இவன் பொறந்தது 1998ல, திண்டுக்கல்ல. ஆனா பனி இவன் தலையில விழுந்த மாதிரி சொல்றான். எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல்தான்.

"சரி தம்பி, 2019 மார்ச் 9 கோயம்புத்தூர்ல என்ன நடந்துச்சு, சொல்லு பாப்போம்"னேன். முழிச்சான். பக்கத்துல பேப்பர் படிச்சிட்டிருந்தவரைக் கேட்டேன். டீ மாஸ்டரைக் கேட்டேன். ம்ஹூம்.

அன்னிக்கு நான் அங்க இருந்தேன் மக்களே. பழனி, உடுமலை, பொள்ளாச்சின்னு பஸ்ல போய் நேரு ஸ்டேடியத்துல உட்கார்ந்திருந்தேன். ஐ-லீக் கடைசி நாள். சென்னை சிட்டி 40 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 39. ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்துல கோழிக்கோட்டுல கோகுலம் கூட ஆடுது. இங்க மூணாவது நிமிஷமே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுருச்சு. பக்கத்துல இருந்தவர் பாதி ஆட்டம் முழுக்க செல்போனைவிட்டு கண்ணை எடுக்கலை. கோழிக்கோட்டு ஸ்கோர்! ரெண்டாவது பாதியில பெட்ரோ மான்சி பெனால்டியில சமன் பண்ணினார். அப்புறம் கௌரவ் போரா ஒண்ணு, கடைசி நிமிஷத்துல இன்னொண்ணு. அவர் டிஃபெண்டருங்க! 3-1. அங்க ஈஸ்ட் பெங்கால் 2-1னு ஜெயிச்சிருச்சு. இங்க டிரா ஆகியிருந்தாலும் கோப்பை கல்கத்தா ரயிலேறியிருக்கும். 43க்கு 42, ஒரே ஒரு பாயிண்ட்.

முந்தின சீசன்ல இதே சென்னை சிட்டி பத்து டீம்ல எட்டாவது. சிங்கப்பூர்லேர்ந்து அக்பர் நவாஸ் கோச்சா வந்தார். ஸ்பெயின்லேர்ந்து மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோன்னு ஆளுங்க. கூடவே நம்ம பசங்க: நெய்வேலி எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், இன்னும் சிலர். முதல் ஆட்டத்துலயே மான்சி ஹாட்ரிக், சீசன் முடிவுல 21 கோல். அடிச்சுப் பிடிச்சு டிரா பண்ற டீம் இல்லை இது, பந்தைத் தரையில வச்சுப் பாஸ் பண்ணியே ஆடுற டீம். அதே வருஷம் ஐ.எஸ்.எல்.ல கோடிக்கணக்குல செலவு பண்ணின சென்னையின் எஃப்.சி. கடைசி இடம்! ஆனா ஐ-லீக்ல ஜெயிச்சா ஐ.எஸ்.எல்.லுக்கு ஏத்திவிடற வழக்கம் அப்ப கிடையாது. மான்சி ஜப்பான் போனார். எட்வின் சென்னையினுக்கு, ரொமாரியோ கோவாவுக்கு. 2020-21க்கு அப்புறம் சென்னை சிட்டியையே ஐ-லீக்ல காணோம்.

இதைச் சொன்னா எல்லாரும் ஒரே பதில்தான் வச்சிருக்காங்க. "கிரிக்கெட் விழுங்கிருச்சுங்க." நான் ஒத்துக்க மாட்டேன். கிரிக்கெட்லயே பாருங்களேன். டி.என்.பி.எல். முதல் கோப்பையை 2016ல ஜெயிச்சது தூத்துக்குடி டீம். அது பின்னாடி கைமாறி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆயிருச்சு. அந்த 2016 ஜெயிப்பை இப்ப யார் கொண்டாடணும், தூத்துக்குடிக்காரனா சேலத்துக்காரனா? நம்ம திண்டுக்கல் டிராகன்ஸ் 2024ல ஜெயிச்சப்ப மட்டும் ரவுண்டானாவுல பேச்சு ஓயலை. அந்த பைனல் நடந்தது என்னவோ சென்னையில. ஆனா பேரு நம்ம பேரு, நத்தம் ரோட்டுல என்.பி.ஆர். காலேஜ் கிரவுண்டு நம்ம கிரவுண்டு.

சென்னை சிட்டிக்கு அதுதான் இல்லாமப் போச்சு. பேர் சென்னை, ஆடினது கோவை. சென்னைக்காரன் பாக்கலை, கோவைக்காரன் கைதட்டினான், ஆனா "எங்க டீம்"னு சொல்ல அவனுக்கு வாய் வரலை. டீம் போனதும் அந்த சீசனும் கூடவே போயிருச்சு. மிச்சிகன்ல ஆட்டக்காரன் நாலு வருஷத்துல படிச்சு முடிச்சுப் போயிடுவான். காலேஜ் எங்க போகும்? அது அங்கேயே நிக்குது, 1950ஐக் கட்டிக்கிட்டு.

நம்ம பக்கத்துலயே இதுக்கு உதாரணம் இருக்கு. காரியாபட்டி பக்கம் சேது இன்ஜினியரிங் காலேஜை ஒட்டி வளர்ந்த சேது எஃப்.சி., பொண்ணுங்க டீம். அதே 2019ல, மே மாசம் லூதியானாவுல மணிப்பூர் போலீஸ் டீமை 3-1னு அடிச்சு இந்திய மகளிர் லீக்கை ஜெயிச்சாங்க. ரெண்டு மாசம் முன்னாடி கோவையில வந்த அதே 3-1. சென்னை சிட்டி காணாமப் போச்சு, சேது 2024-25 சீசன்லயும் ஆடிச்சு. ஸ்பான்சர் காசு முக்கியம்தான், இல்லைன்னு சொல்லலை. அதைவிட, டீமை நட்டு வைக்க ஒரு இடம் வேணும். திண்டுக்கல், மதுரை, தேனின்னு வட்டாரத்துக்கு ஒரு காலேஜ் லீக், அந்தந்தக் காலேஜ் கிரவுண்டுல, வருஷா வருஷம் அதே தேதியில. ஒரு காலேஜ் கிரவுண்டுல டி.வி. கேமராவோட கிரிக்கெட் நடத்த முடியுது. ரெண்டு கோல் போஸ்ட் நட முடியாதா?

தம்பி ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு ஸ்டேஷன்ல கேட்டான், "அண்ணே, அந்த டிஃபெண்டர் பேரு என்ன சொன்னீங்க?"

டிஸ்கி: அன்னிக்கு நேரு ஸ்டேடியத்துல இருந்தவங்க யாராவது இதைப் படிச்சா பின்னூட்டத்துல ஒரு வரி எழுதுங்க. போராவோட கடைசி கோலை நான் பாக்கலை. பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்கணும்னு வாசல் பக்கம் நகர்ந்துட்டேன் :-(