கேரட் அறுவடைக்குக் கனமில்லாத குளிர் உடை எது?

“மார்கழிப் பனியில் அதிகாலை 3 மணிக்கே கேரட் பிடுங்கக் கிளம்புகிறோம். பருத்திச் சட்டைக்கு மேல் தடித்த ஸ்வெட்டர் போட்டால் குனிய முடியவில்லை. வியர்த்துப்போய், டீ குடிக்க உட்கார்ந்ததும் நடுக்கம் வந்துவிடுகிறது. 60 வயதைத் தாண்டிய மாமியாரும் கூட வருகிறார். கனமில்லாத உடையாக என்ன வாங்கலாம்?”

- வாசகி, நீலகிரி மாவட்டம்

ஸ்வெட்டரைக் குறை சொல்வதைவிட, உள்ளே இருக்கும் பருத்திச் சட்டையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பருத்தி, வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத்தை லேசில் விடாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரச் சட்டையோடு உட்கார்ந்தால் நடுங்காமல் என்ன செய்யும்?

துணியின் எடை சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. ஆகவே, தடிப்பான ஒன்றுக்குப் பதிலாக மெல்லியதாக மூன்று போடுங்கள். உடம்பை ஒட்டி, விளையாட்டுப் பிள்ளைகள் போடும் பாலியெஸ்டர் டி-ஷர்ட். அதன்மேல் மெல்லிய கம்பளி ஸ்வெட்டர். லேசாக ஈரமானாலும் கம்பளி ஓரளவு சூடு காக்கும். வெளியே, ஜிப் வைத்த விண்ட்சீட்டர். புடவைக்குள் தெர்மல் பேன்ட் போட்டுக்கொள்ளலாம்.

வாங்குவதைவிட, கழற்றும் நேரம்தான் முக்கியம். வேலை சூடுபிடித்ததும், வியர்க்கும் முன்பே ஜிப்பைத் திறந்துவிடுங்கள் அல்லது ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். டீக்கு உட்காரும் முன் மறுபடி போடுங்கள். குளிர் தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாற்று டி-ஷர்ட், சாக்ஸ் ஒரு ஜோடியை பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போங்கள். கம்பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டு கால் இன்னும் விறைக்கும். கம்பளி சாக்ஸ் ஒன்று தாராளமாக நுழையும் அளவில் பூட்ஸ் வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாலியெஸ்டர், ஃப்ளீஸ், விண்ட்சீட்டர் எல்லாம் தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குளிர்காயும் நெருப்புக்கு அருகே அவற்றோடு போகவே கூடாது.

வயதானவர்களுக்கு உடல் சூடு இறங்குவது சீக்கிரம் தெரியாது. மாமியாருக்குப் பேச்சுக் குழறினாலோ, நடை தடுமாறினாலோ உடனே வேலையை நிறுத்துங்கள். நடுக்கம் தானாக நின்றுபோனதை நல்ல அறிகுறி என்று நினைக்காதீர்கள். ஈரத்துணியை மாற்றி, கம்பளியால் போர்த்தி, 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடாக, இனிப்பாக டீ கொடுக்கலாம். கை, காலைத் தேய்க்க வேண்டாம்.