எந்திரக் கை வரும் என்று குழியைத் திறந்து வைக்கலாமா?

மதுரைச் சீமையில் கோடை பிறந்தால் இரவு முழுவதும் ரிக் வண்டியின் இரைச்சல் கேட்கும். வைகையிலும் பெரியாறு கால்வாயிலும் தண்ணீர் எட்டாத உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இது இன்னும் அதிகம். கிணறு வற்றியது; போர் போட்டாக வேண்டும். 300 அடியில் தண்ணீர் இல்லை, 500 அடி போகிறார்கள். அங்கும் புழுதிதான் பறக்கிறது. விடியும்போது வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. விவசாயிக்கு மிச்சம் கடனும், வரப்போரத்தில் ஒரு துவாரமும்தான். அந்தத் துவாரத்தின் மேல் ஒரு சாக்கும் ஒரு கல்லும் வைக்கப்படுகின்றன. பல இடங்களில் அதுவும் இல்லை.

அந்தத் துவாரத்தைப் பற்றியும், அதில் விழுந்த குழந்தையை எடுப்பதற்காகச் செய்யப்பட்ட எந்திரத்தைப் பற்றியும் விவசாயிகள் சற்று நிதானமாக யோசிப்பது நல்லது.

எந்திர மனிதன் எத்தனை விதம்?

'ரோபோ' என்ற சொல் 1920-ல் செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் எழுதிய நாடகத்திலிருந்து உலகுக்குக் கிடைத்தது. நாடகத்தில் அது மனித உருவில் இருந்தது. ஆனால் 1961-ல் அமெரிக்கக் கார் தொழிற்சாலை ஒன்றில் முதன்முதலாக வேலைக்கு வந்த ரோபோவுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. அது ஒரு பெரிய இரும்புக் கை மட்டுமே. சூடான வார்ப்புகளை எடுத்து அடுக்குவது அதன் வேலை.

இன்று பல விதங்கள் உண்டு. ஹாலந்து நாட்டில் 1990-களின் தொடக்கம் முதல் பண்ணைகளில் ரோபோ பால் கறக்கிறது. பெருநகர மருத்துவமனைகளில் மருத்துவர் தள்ளி அமர்ந்து இயக்க, எந்திரக் கை அறுவை செய்கிறது. கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' என்ற ரோபோ 2018 முதல் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி, மனிதன் செய்யக் கூடாத வேலையைச் செய்கிறது. விவசாயிகளுக்கு மிகவும் பழக்கமானது மருந்து தெளிக்கும் டிரோன். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மானியத்தில் டிரோன் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. மனிதன் போக முடியாத இடத்துக்கு, அல்லது போகக் கூடாத இடத்துக்கு, மனிதனின் கையையும் கண்ணையும் நீட்டிக் கொடுப்பதே ரோபோ. ஆழ்துளைக் கிணறு அப்படிப்பட்ட இடம். பெரியவர் எவரும் அதற்குள் இறங்க முடியாது.

மதுரையில் பிறந்த கருவி

இதற்கென ஒரு கருவியை உருவாக்கியவர் மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் என்ற தொழில்நுட்பர். பெரிய ஆராய்ச்சிக்கூடம் எதுவும் அதன் பின்னால் இல்லை. கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்கப்படும் அந்தக் கருவியில் விளக்கும் கேமராவும் உண்டு. குழந்தை இருக்கும் நிலையை மேலே இருப்பவர்கள் திரையில் பார்க்கலாம். மோட்டாரால் இயங்கும் கைகள் குழந்தையைப் பற்றிக்கொண்டதும் கயிற்றை மேலே இழுக்க வேண்டும். எளிய ஏற்பாடு, ஆனால் இக்கட்டான நேரத்தில் உதவக்கூடிய ஏற்பாடு.

2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே ஒரு சிற்றூரில் 3 வயதுச் சிறுவன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். மதுரையிலிருந்து சென்ற இந்தக் கருவியின் உதவியால் அவன் உயிருடன் மீட்கப்பட்டான். அன்று தமிழ்நாடே மூச்சுவிட்டது. மதுரைக்காரர்களுக்கு அது பெருமையான நாள்.

ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபர் 25 அன்று மாலை, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஒன்று பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. முதலில் சுமார் 26 அடி ஆழத்தில் சிக்கியிருந்தது. மதுரைக் குழு உட்படப் பல குழுக்கள் பலவகைக் கருவிகளுடன் முயன்றன. குழந்தை மேலும் கீழே நழுவியது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டப்பட்டது. பூமிக்கடியில் இருந்த கடும்பாறை பெரிய எந்திரங்களையும் தாமதப்படுத்தியது. அக்டோபர் 29 அதிகாலையில் உயிரற்ற உடல்தான் வெளியே வந்தது. அது தீபாவளி வாரம்.

ஒரே விதக் கருவி ஓரிடத்தில் வென்றது, மற்றோரிடத்தில் தோற்றது. இதில் வியப்பில்லை. குழந்தையின் உடலுக்கும் குழியின் சுவருக்கும் இடையே விரல் நுழைய இடம் இருந்தால்தான் எந்திரக் கை நுழையும். உடல் இறுகிச் சிக்கிவிட்டால் பற்றிக்கொள்ள இடமில்லை. ஈரமண் வழுக்கும். மேலே செய்யும் வேலையில் மண் சரிந்து குழந்தையின் மேல் விழும். நேரமோ ஓடிக்கொண்டே இருக்கும். 2006-ல் அரியானாவில் 5 வயதுச் சிறுவன் இரண்டு நாட்களுக்குப் பிறகு உயிருடன் மீண்டதும் உண்மையே. ஆனால் அது பக்கக்குழி வழியாக நடந்தது. மதுரை வட்டாரம் போன்ற கடும்பாறைப் பூமியில் அவ்வளவு எளிதில் பக்கக்குழி தோண்ட இயலாது.

ஆகவே மீட்புக் கருவி கடைசி நம்பிக்கை மட்டுமே. முதல் பாதுகாப்பு குழியின் வாயில் இருக்க வேண்டிய மூடி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த மூடி செய்யும் வேலையை எந்த ரோபோவாலும் செய்ய முடியாது.

விவசாயி ஏன் மூடுவதில்லை?

விவசாயிக்கு அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மை அல்ல. போர் போடக் கடன் வாங்கியவன், அது பொய்த்த மறுநாள், அதே குழிக்கு மேலும் செலவு செய்ய மனம் வராமல் நிற்கிறான். அடுத்த மழையில் ஊறும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. 'இப்போதைக்கு இருக்கட்டும்' என்கிறான். இன்னும் சிலர் செலவில் ஒரு பகுதியையாவது மீட்கலாம் என்று கேசிங் பைப்பை உருவி எடுத்து விற்றுவிடுகிறார்கள். இதுதான் மிகவும் ஆபத்து. கேசிங் பைப், மேலே உள்ள இளகிய மண் சரியாமல் தாங்குவதற்காக இறக்கப்படுவது. அதை உருவிவிட்டால் மேல்மண் சரிந்து வாய் அகலமாகிறது. ஐந்தாறு அங்குலமாக இருந்த துவாரம் ஒரு குழந்தை தாராளமாக நுழையும் புனலாகிவிடுகிறது. சுற்றிலும் புல் முளைத்து விட்டால் அது இருப்பதே தெரியாது.

மேலே மட்டும் மண்ணைத் தள்ளி மூடுவதும் மூடாமல் விடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மண் நடுவழியில் அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே வெற்றிடம். ஐப்பசி மழையில் ஊறியதும் ஒரு நாள் உள்வாங்கும். நடுக்காட்டுப்பட்டிக் கிணற்றின் மேலும் மண் போடப்பட்டிருந்தது, மழையில் அது உள்வாங்கியது என்றே அப்போது செய்திகள் வந்தன.

எவ்வளவு மண் வேண்டும்?

500 அடிக் குழியை நிரப்புவது மலையைப் பெயர்ப்பது போன்ற வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறரை அங்குல விட்டமும் 500 அடி ஆழமும் உள்ள துவாரத்தின் கொள்ளளவு சுமார் 115 கன அடி. அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்றே கூடுதல். 1,000 அடி என்றாலும் 230 கன அடிதான். இந்தச் செலவு போர் போட்ட செலவில் மிகச் சிறு பங்கு. துளையிட்டபோது வெளிவந்த கல்துகளைக் கரைத்துப் போகவிடாமல் ஓரமாகக் குவித்து வைத்தால் அதையே திரும்பப் போடலாம்.

நிரப்பும் முறையில் கவனம் வேண்டும். முதலில் கயிற்றில் கனமான இரும்பைக் கட்டி இறக்கி, குழியின் இப்போதைய ஆழத்தை அளக்க வேண்டும். களிமண், மணல், கூழாங்கல், துளையிட்ட துகள் ஆகியவற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பலாம். பெரிய கல்லையும் ஈரமான மண்கட்டியையும் போட்டால் பாதியில் அடைத்துக்கொள்ளும். சிறிது சிறிதாகப் போட்டு, இடையிடையே கயிற்றை இறக்கி அளக்க வேண்டும். எத்தனை கூடை உள்ளே போயிற்று என்று எண்ணி வருவதும் அவசியம். கணக்குப்படி போக வேண்டிய அளவில் பாதியிலேயே குழி நிறைந்துவிட்டதென்றால், கீழே வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். நிரப்பி முடித்த பிறகு வாயில் காங்கிரீட் போட்டு மூடி, முதல் பெருமழைக்குப் பின் சுற்றிலும் மண் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போரை விட்டுவிட மனமில்லாதவர்கள் கேசிங்கின் மேல் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து, அல்லது போல்ட் போட்டு இறுக்கிய மூடியால் அடைத்து வைக்கலாம். மழைநீர் ஊட்டும் கிணறாகவும் மாற்றலாம். அதற்குச் சுற்றிலும் குழி வெட்டி, ஜல்லி, கூழாங்கல், மணல் என்று வடிகட்டும் அடுக்குகள் அமைத்து, கேசிங்கின் தலை மூடியபடியே இருக்கச் செய்ய வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் கரைந்த வயல் நீரை நேரே உள்ளே விடுவது கூடாது. அக்கம்பக்கத்துக் குடிநீரும் கெடும்.

சட்டம் சொல்வது

உச்ச நீதிமன்றம் 2010-லேயே இதற்கு வழிமுறைகளை வகுத்துவிட்டது. போர் போட 15 நாள் முன்னதாக அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். துளையிடும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை நடக்கும்போது அறிவிப்புப் பலகையும் முள்வேலியும் வேண்டும். கேசிங்கைச் சுற்றி, தரைக்கு மேல் ஓர் அடியும் கீழ் ஓர் அடியும் இருக்கும்படி சிமெண்டு மேடை கட்ட வேண்டும். பம்பு பழுது பார்க்கும்போது குழியைத் திறந்தபடி விடக் கூடாது. கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து நிரப்ப வேண்டும். மோட்டாரைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோகும் அந்த இரண்டு நாளைத்தான் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன.

சட்டம் இருந்தும் குழிகள் திறந்து கிடப்பதற்குக் காரணம், மூடும் செலவு பொய்த்த போரின் சொந்தக்காரன் தலையில் மட்டும் விழுவதே. இதை மாற்றலாம். ரிக் வண்டிக்காரர் அடிக்கணக்கில் கூலி பேசும்போதே, தண்ணீர் வராவிட்டால் நிரப்பி மூடித் தருவதையும் சேர்த்துப் பேச வேண்டும். விவசாயிகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வண்டி வயலைவிட்டு நகரும் முன் மூடியைக் கண்ணால் பார்த்த பிறகே கடைசித் தொகையைக் கொடுக்க வேண்டும். ஏழை விவசாயியின் பழைய குழிகளை மூட ஊராட்சி கைகொடுப்பதில் தவறில்லை. கிராம சபையில் ஊரின் காய்ந்த போர்களை எண்ணிப் பட்டியல் எழுத ஒரு மணி நேரம் போதும்.

அதற்காக மீட்புக் கருவிகள் வேண்டாம் என்பதில்லை. அவை தீயணைப்பு நிலையங்களில் தயாராகவும், இயக்கத் தெரிந்த ஆட்களுடனும் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் ஊரார் தாங்களே கயிறு விட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்காமல், குழியைச் சுற்றிக் கூட்டம் மிதித்து மண் சரியவிடாமல், உடனே 112 அல்லது 101-க்குச் சொல்ல வேண்டும்.

அக்காலத்து வெட்டுக்கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினார்கள். தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, சுவர் இருந்தது. போருக்கு வேண்டியது அதைவிடச் சிறியது: ஒரு மூடி. இந்த வாரம் வயலுக்குப் போகிறவர்கள் தங்கள் நிலத்திலும் பக்கத்து நிலத்திலும் உள்ள காய்ந்த போரை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். மதுரையில் பிறந்த அந்த எந்திரக் கை வேலையில்லாமல் அலமாரியிலேயே இருப்பதுதான் அதைச் செய்தவருக்கும் ஊருக்கும் பெருமை.