நம்பிக்கைக்கு ஒரு தடையுத்தரவு

கென்யா தேசத்துச் சினிமாத் தணிக்கைச் சபையார் 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் 'ரஃபிகி' என்னும் படத்தைத் தடை செய்தார்கள். தேர்தலில் எதிரெதிராய்ப் போட்டியிடும் இரு தகப்பன்மாரின் புத்திரிகள் ஒருவரையொருவர் காதலிப்பதே அதன் கதை. உகாண்டா தேசத்து எழுத்தாளர் ஸ்ரீமதி மோனிக்கா அராக் டி நியேகோவின் சிறுகதையைத் தழுவி, ஸ்ரீமதி வனூரி கஹியு அதை டைரக்ட் செய்தார். கான் படவிழாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கென்யப் படம் அதுவே. அந்நிய நாட்டார் பாராட்டிய படத்தைச் சொந்த நாட்டார் பார்ப்பது குற்றமாயிற்று!

இதில் நமது வாசகர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கதை நம்பிக்கையூட்டும் விதத்தில் முடிகிறது என்பது சபையாரின் ஆக்ஷேபம். முடிவை மாற்றும்படி கேட்டார்கள், டைரக்டர் மறுத்துவிட்டார். காதலித்த பெண்கள் தம் செயலுக்கு வருந்தி அழுதிருந்தால் அனுமதி கிடைத்திருக்கும் போலும்! தன்பால் காதலர் துன்புறுவதைக் காட்டலாம், வாழ்வதைக் காட்டலாகாது. அதிகாரிகள் அஞ்சியது ஆபாசத்துக்கு அன்று, நம்பிக்கைக்கே என்பது நமது அபிப்பிராயம்.

தேசத்தின் பண்பாட்டுக்கு விரோதம் என்ற வாதமும் எழுந்தது. ஆனால் 14 வருஷம் வரை சிறை விதிக்கும் தண்டனைச் சட்டத்தின் 162-வது பிரிவு ஆப்பிரிக்க முன்னோர் வகுத்ததா? பிரிட்டிஷார் புகுத்தியதல்லவா? நம் நாட்டிலும் 1860-ம் வருஷத்துச் சட்டத்தில் 377-வது பிரிவை அவர்களே எழுதிவைத்தார்கள். வயதுவந்தோர் சம்மதத்துடன் கூடுவதற்கு அது பொருந்தாதென்று நமது சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளிக்க, 2018 செப்டம்பர் 6-ந் தேதி வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நியன் பூட்டிய விலங்கைப் பாட்டன் சொத்தென்று பாதுகாப்பது சுயராஜ்யம் ஆகாது.

அதே மாதத்தில், ஸ்ரீமதி கஹியுவின் மனுவின்மேல், நைரோபி ஐகோர்ட்டு 7 நாட்களுக்குத் தடையை நிறுத்திவைத்தது. வயதுவந்தோர் மட்டும் பார்க்கலாம் என்றது. இத்தகைய படத்தைக் கண்டு அஸ்திவாரம் ஆட்டங்காணும் அளவுக்குப் பலவீனமான சமூகம் கென்யா என்பதை நீதிபதி ஒப்பவில்லை. ஜனங்கள் திரண்டு சென்று பார்த்தார்கள். ஏழு நாட்கள் கழிந்தன, தேசம் கவிழ்ந்துவிடவில்லை.

எனினும் 2019 மே மாதத்தில் ஐகோர்ட்டு 162-வது பிரிவை நிலைநிறுத்தியது. 2020 ஏப்ரலில் படத்தின்மீதான தடையையும் சரியென்றது. கலைச் சுதந்திரத்தை 2010-ம் வருஷத்து அரசியல் சாசனம் வெளிப்படையாக உறுதி கூறியிருந்தும் இது நிகழ்ந்தது. அப்படியானால் கலையினால் ஆன பயன் யாது என்று கேட்பாருண்டு. ஒரு படம் சட்டத்தை மாற்றிவிடாது என்பது மெய்யே. ஆனால் ஒளிந்து வாழ்ந்தவர்கள் தாம் தனியரல்லர் என்பதை அந்த அரங்கங்களில் அறிந்திருப்பார்கள். மற்றவர்களோ, குற்றவாளிகள் என்று கேள்விப்பட்டவர்களை ஒரு வீட்டுப் புத்திரிகளாகக் கண்டார்கள். இவ்வறிவைப் பறிமுதல் செய்ய எந்தத் தணிக்கைச் சபைக்கும் அதிகாரமில்லை.

நாடகங்களை அடக்க 1876-ல் சட்டம் செய்த அந்நிய சர்க்காரை எதிர்த்து நின்றது நமது தேசம். அன்று நாம் கேட்ட உரிமையை, நமக்குப் பழக்கமில்லாத காதலைப் பாடுவோருக்கும் கொடுக்கச் சம்மதிக்கிறோமா என்பதே தேசாபிமானிகளின் முன்னுள்ள கேள்வி. சம்மதிக்க வேண்டும் என்றே நாம் சொல்லுவோம்.