நின்னு போனா யாரு கேப்பா?

ரெண்டு நிமிஷம் காதுல மாட்டியிருக்கிறதைக் கழட்டி வைங்க. இந்த வாரம் மேட்டரே காது சம்பந்தப்பட்டதுதான்!

எங்க காலேஜ்ல ஒரு சமூக வானொலி இருக்கு. அதுல நான் ஓசி அறிவிப்பாளர். சம்பளம் கிடையாது, டீ உண்டு. நேபாளத் தலைநகர் காத்மாண்டுல நடந்த சமூக வானொலி மாநாட்டுக்கு எங்க பேராசிரியருக்கு அழைப்பு வந்துச்சு. அவருக்கோ பரீட்சை டூட்டி. "நீ போய்ட்டு வாடா, வந்து ரிப்போர்ட் எழுதிக் குடு"ன்னுட்டார். நமக்குக் கசக்குமா?

பாஸ்போர்ட் இல்லையேன்னு பயந்தேன். இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம், வாக்காளர் அடையாள அட்டையே போதும்னு சொன்னாங்க. அதுல இருக்கிற என் போட்டோவைப் பார்த்தும் உள்ளே விட்டாங்க பாருங்க, அந்த நாட்டோட பெருந்தன்மையே பெருந்தன்மை!

பதினஞ்சு நிமிஷ தேசம்

நேபாளக் கடிகாரம் நம்மளை விட சரியா 15 நிமிஷம் முன்னாடி ஓடுது. அது தெரியாம முதல் நாளே லேட்டாப் போய்க் கடைசி வரிசையில உட்கார்ந்தேன். கடிகாரத்துல கால் மணி நேரம்தான் வித்தியாசம். ரேடியோவுல எத்தனை வருஷ வித்தியாசம்னு அப்புறம்தான் புரிஞ்சது.

கொஞ்சம் கணக்கைப் பாருங்க. காத்மாண்டு பக்கத்துல லலித்பூர்ல இருக்கிற 'ரேடியோ சகர்மாதா' 1997 மே மாதம் ஒலிபரப்பை ஆரம்பிச்சது. சகர்மாதான்னா எவரெஸ்ட்டுக்கு நேபாளிகள் வெச்சிருக்கிற பேர். சுற்றுச்சூழல் பத்திரிகையாளர்கள் சங்கம் ஒண்ணு வருஷக்கணக்கா அரசாங்கக் கதவைத் தட்டி வாங்கின லைசென்ஸ் அது. தெற்காசியாவுலேயே அரசாங்கத்தின் கையில இல்லாத முதல் சமூக வானொலி. இன்னிக்கு அங்கே மலைக்கு மலை ஒரு ஸ்டேஷன், நூற்றுக்கணக்குல இருக்கு.

நம்ம கதை? 1995-ல 'அலைவரிசை பொதுச் சொத்து'ன்னு நம்ம உச்ச நீதிமன்றம் அருமையா ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. ஆனா கல்லூரிகளுக்கு அனுமதின்னு கொள்கை வந்தது 2002 கடைசியிலதான். 2004 பிப்ரவரியில நம்ம சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துல 'அண்ணா எஃப்.எம்.' பொறந்துச்சு. இந்தியாவோட முதல் கேம்பஸ் சமூக வானொலி (காலரைத் தூக்கி விட்டுக்கோங்க!). தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது 2006-ல. 2023-ல மொத்த எண்ணிக்கை 400-ஐத் தாண்டியாச்சு. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. சமூக வானொலி சொந்தமாச் செய்தி வாசிக்கக் கூடாது.

தெருவுக்கு வந்த செய்தி

மாநாட்டுல என் பக்கத்து நாற்காலியில ஒரு அம்மா. மலை மாவட்டம் ஒண்ணுல ரேடியோ நடத்தறவங்க. எல்லாரும் 'தீதி'ன்னு கூப்பிட்டாங்க, அக்கான்னு அர்த்தம். நானும் தீதின்னேன். என் ஹிந்தி பாக்யராஜ் படத்து ஹிந்தி. அவங்களுக்கு இங்கிலீஷ் கொஞ்சம். நடுவுல மோமோ தட்டு. பேச்சு ஓடிடுச்சு.

2005 பிப்ரவரி 1-ம் தேதி மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில எடுத்துக்கிட்டார். ரேடியோ ஸ்டேஷன்களுக்குள்ள ராணுவம் நுழைஞ்சது. எஃப்.எம்.ல செய்தியே கூடாது, பொழுதுபோக்கு மட்டும்தான்னு உத்தரவு. நம்ம ஆட்களா இருந்தா 'லீவு விட்டாச்சுடா'ன்னு போர்த்திக்கிட்டுத் தூங்கியிருப்போம். அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? 'பாட்டுதானே போடச் சொன்னே'ன்னு செய்தியைப் பாட்டாவே பாடினாங்க! விராட்நகர்ல பத்திரிகையாளர்கள் தெருவுல நின்னு ஜனங்களுக்குச் செய்தி வாசிச்சாங்க. அதே வருஷ நவம்பர்ல ரேடியோ சகர்மாதாவுக்குள்ள போலீஸ் புகுந்து கருவிகளைத் தூக்கிட்டுப் போச்சு, ஊழியர்களைக் கைது பண்ணிச்சு. கோர்ட் தலையிட்டுத்தான் திரும்ப ஒலிபரப்பு வந்தது. 2006 ஏப்ரல்ல மக்கள் போராட்டத்துக்கு மன்னர் இறங்கி வந்தார். 2008-ல மன்னராட்சியே முடிஞ்சு போச்சு.

இதைக் கேட்கும்போது எனக்குள்ள சுருக்னு ஒண்ணு தச்சது. 'பாட்டு மட்டும் போடு'ன்னு சொல்ல அங்கே துப்பாக்கி தேவைப்பட்டிருக்கு. எங்க ஸ்டேஷன்ல நாங்க யாரும் சொல்லாமலே காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அதைத்தானே பண்றோம்?

அடுத்து தீதி பூகம்பத்தைப் பத்திச் சொன்னாங்க. 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, மதியம் 12 மணிக்கு நாலு நிமிஷம் முன்னாடி. 7.8 அளவு. நாடு முழுக்க ஏறக்குறைய 9,000 பேர் போயிட்டாங்க. பல ரேடியோ கட்டடங்கள் விரிசல் விட்டுடுச்சு. மைக்கையும் மிக்ஸரையும் தூக்கிட்டு வந்து கூடாரத்துல உட்கார்ந்து பேசியிருக்காங்க. எந்த ஊர்ல அரிசி வருது, எங்கே டாக்டர் இருக்கார், யார் யாரைத் தேடறாங்க... இதான் நிகழ்ச்சி. தீதியோட ஸ்டேஷன் ரெண்டு நாள் ஊமை. மூணாம் நாள் ஒரு பெரியவர் மலை இறங்கி நடந்தே வந்தாராம். அவர் வீடே இடிஞ்சு போச்சு. வந்தவர் கேட்டது, "ரேடியோவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

சொல்லிட்டு தீதி என்னைப் பார்த்துச் சாதாரணமாத்தான் கேட்டாங்க. "தம்பி, உங்க ரேடியோ நின்னு போனா யாரு வந்து கேப்பாங்க?"

மோமோ தொண்டையிலேயே நின்னுடுச்சு.

ஏன்னா, போன மழைக்காலத்துல யு.பி.எஸ். புகைஞ்சு எங்க ஸ்டேஷன் ரெண்டு நாள் நின்னு போச்சு. யாருமே கேட்கலை. டீக்கடை அண்ணன்கிட்ட நானாப் போய், "என்னண்ணே, ரெண்டு நாளா நம்ம ஸ்டேஷன் வரலையே, பார்த்தீங்களா?"ன்னேன். "அப்படியா தம்பி? நான் வேற ஸ்டேஷன் மாத்திட்டேன், அதுலயும் அதே பாட்டுதான்"னார்.

கேட்டுப் பார்த்தோம்

ஊருக்கு வந்ததும் ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடி சமூக வானொலி விதிகளை எடுத்துப் படிச்சேன். (லைசென்ஸ் வாங்கினப்ப யாராவது படிச்சாங்களான்னு கேட்காதீங்க.) நிகழ்ச்சியில பாதியாவது அந்தப் பகுதி மக்களோட பங்களிப்புல இருக்கணும்னு போட்டிருக்கு. செய்திக்குத் தடைதான். ஆனா தண்ணீர், மின்சாரம், வானிலை, பரீட்சை முடிவு, வேலைவாய்ப்பு, சுகாதார எச்சரிக்கை இதெல்லாம் 'செய்தி' கணக்குலயே வராது. அதாவது, நமக்குத் திறந்து வெச்சிருந்த கதவை நாமே சாத்திக்கிட்டு உள்ளே டூயட் பாடிட்டு இருந்திருக்கோம்!

நாலு பேர் சேர்ந்து காலேஜுக்குப் பின்னாடி இருக்கிற தெருவுக்குப் போனோம். "ரேடியோவுல என்ன வேணும்?"னு கேட்டோம். ஒரு அக்கா யோசிக்கவே இல்லை. "தண்ணி லாரி எப்ப வரும்னு சொல்லு. ரேஷன்ல பருப்பு வந்துச்சான்னு சொல்லு. பாட்டுக்கு எங்க வீட்டுல டி.வி. இருக்கு."

அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம், 'நம்ம தெரு'ன்னு ஒரு நிகழ்ச்சி. முதல் வாரம் ஒரு போன் கூட வரலை. ரெண்டாவது வாரமும் அப்படியே. எங்க பசங்க "விட்டுடலாம் மச்சான்"னாங்க.

மூணாவது வாரம் நாங்க ஒரு சொதப்பு சொதப்பினோம். ராத்திரி லாரி நேரம் மாறினது எங்களுக்குத் தெரியலை. ஏழு மணின்னு சொல்லியிருந்தோம், லாரி அஞ்சுக்கே வந்துட்டுப் போயிடுச்சு. அன்னிக்குக் காலையில காலேஜ் கேட்டுல காலிக் குடத்தோட ஏழெட்டு அக்காமார். வாட்ச்மேன் என்னைத் தேடி ஓடி வந்தார்.

"ஏம்ப்பா, உன் ரேடியோவை நம்பித்தானே படுத்தோம்? இன்னிக்கு சோறு பொங்க நீ தண்ணி தருவியா?"

பதில் இல்லை. கேன்டீன் குழாய்ல குடங்களை ரொப்பி நாங்களே தூக்கிட்டுப் போய்க் கொடுத்தோம். அன்னிக்கு சாயங்காலம் மைக்குல முதல் வார்த்தையே மன்னிப்புதான். இப்ப தினமும் ஒருத்தர் லாரி டிரைவருக்குப் போன் போட்டு உறுதி பண்ணாம அந்த நிகழ்ச்சி ஏறாது.

ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? குடம் தூக்கித் தோள் வலிச்சாலும் அன்னிக்கு ராத்திரி எனக்குச் சந்தோஷத்துல தூக்கமே வரலை. எங்களை யாரோ நம்பியிருக்காங்க. தப்பு பண்ணினா வந்து கேட்கறாங்க! தீதிக்கு ஒரே வரி மெசேஜ் அனுப்பினேன்: "வந்து கேட்டுட்டாங்க."

உங்க காலேஜ்லயும் ரேடியோ இருக்கலாம். இல்லேன்னா கையெழுத்துப் பத்திரிகை, என்.எஸ்.எஸ்., நாடகக் குழு ஏதாவது ஒண்ணு இருக்கும். நாளைக்கு அது நின்னு போனா யாரு கேப்பான்னு ஒரு தடவை யோசிங்க. யாரும் கேட்க மாட்டாங்கன்னு தோணினா வருத்தப்படாதீங்க. பின்னாடி தெருவுக்குப் போய் நீங்க முதல்ல கேளுங்க.

அடுத்த வாரம் பார்ப்போமா? டாட்டா!