அப்பாவின் கொம்பியூட்டரை அழிக்காதீர்கள்

வீட்டில் கொம்பியூட்டர் மக்கர் பண்ணினால் முதலில் கூப்பிடுவது உங்களைத்தானே? எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "பிள்ளை, இதை ஒருக்காப் பார்" என்று அப்பா சொன்னால், எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது.

நான்கு வருடங்களுக்கு முன் அப்படித்தான் செய்தேன். படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். ஆனால் சி டிரைவில் அப்பா தனியாக ஒரு ஃபோல்டர் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அப்பம்மா தொலைபேசியில் பேசியதைப் பதிந்து வைத்திருந்தார். அப்பம்மா இப்போது இல்லை. அந்தக் குரலும் இல்லை. அவருடைய பழைய கடிதங்களைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடந்தன. பாமினி எழுத்துருவும் போய்விட்டது. அதைத் தேடிப் போட்டுவிட்டேன். குரலை எங்கே தேடுவது? அப்பா ஏசவில்லை. "சரி, விடு" என்றார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அப்பாவின் பழைய பிராசசரை விண்டோஸ் 11 ஏற்காது. அதனால் மதர்போர்ட், பிராசசர், ரேம் மூன்றையும் மாற்றினோம். "கட்டாயம் புதிதாகத்தான் போடவேண்டும்" என்று நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

அவர்கள் சொல்வது எக்ஸ்பி காலத்து நியாயம். அப்போது மதர்போர்டை மாற்றினால் டிஸ்க்குக்கான டிரைவர் பொருந்தாமல் நீலத்திரை வந்து நின்றுவிடும். விண்டோஸ் 10, 11 பெரும்பாலும் அப்படியில்லை. முதல்முறை திறக்கும்போது புதிய பாகங்களைத் தானே கண்டுபிடித்து டிரைவர்களைப் போட்டுக்கொள்ளும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். முதலில் முழு டிஸ்க்கையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். போர்ட் மாறினால் அது கேட்கும், இல்லாவிட்டால் உள்ளே போகவே முடியாது. பழைய டிஸ்க் எம்பிஆர் முறையில் இருந்தால், புதிய போர்டில் திறக்காமல் போகலாம். விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் முன்பே மாற்றிக்கொள்ளலாம். இன்டர்நெட் டிரைவரை ஒரு யுஎஸ்பியில் போட்டு வையுங்கள்.

உரிமம் இன்னொரு சிக்கல். மதர்போர்ட் மாறினால் விண்டோஸுக்கு அது வேறு கொம்பியூட்டர். தனியாக வாங்கிய உரிமம் என்றால் முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வையுங்கள், பிறகு மீண்டும் இயக்கலாம். கொம்பியூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் பழைய போர்டோடு போய்விடும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

புதிதாகப் போடுவதே சுத்தம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மாற்றிய பிறகு அடிக்கடி நின்றுபோனால் நானும் அதைத்தான் செய்வேன். விளையாட மட்டும் வைத்திருக்கும் என் சொந்தக் கொம்பியூட்டர் என்றால் யோசிக்கவே மாட்டேன். ஆனால் அப்பா அம்மாவின் கொம்பியூட்டரில் அது கடைசி வழியாக இருக்கட்டும். எங்கே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே முழுதாக ஞாபகம் இருக்காது. நமக்கு அரைநாள் வேலை மிச்சம் என்பதற்காக அவர்களுடைய இருபது வருடத்தைத் துடைக்கக்கூடாது.

அப்பாவின் கொம்பியூட்டர் இந்த முறை திறந்தது. கொஞ்ச நேரம் சுற்றியது, ஒருமுறை தானே அணைந்து வந்தது. பிறகு அவருடைய பழைய திரை, பழைய இடத்தில் பழைய ஃபோல்டர்கள், பாமினியில் கடிதங்கள். அதற்குப் பிறகுதான் விண்டோஸ் 11க்கு மாற்றினேன்.

ஸ்க்ரூடிரைவரை எடுக்கமுதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பா, இதுக்குள்ள என்னவெல்லாம் வச்சிருக்கிறீங்கள்?" நான் அன்றைக்குக் கேட்கவில்லை.